சும்மா சொன்னது



அழைப்பிதழில் என் தலைப்பை ‘வெகுஜனக் கலைகளும் விமரிசன மரபும்’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். நான் எழுதி அனுப்பியது ‘சும்மா சொன்னது’. ஒரு அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு அது காணாது என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. தப்பில்லை, எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் உரை அச்சாகும்போது பழைய தலைப்பையே போட்டுவிடுங்கள். நான் ரயில்வே கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விமரிசன மரபைப் பற்றிப் பேசும் தகுதி எனக்குக் கிடையாது. சும்மா சொல்கிறவர்களோடு அறுபது வருஷம் பழகிய அனுபவம் உண்டு.

எழுபதுகளில் ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியில், எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி, ஒரு வாடகைப் புத்தகக் கடை இருந்தது. முன்னறையில் இரண்டு மர அலமாரி, ஒரு பெஞ்சு, ஒரு நோட்டு. புத்தகங்களில் பாதி, வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்தவை. நடுவில் ஒரு அத்தியாயம் தவறிப்போயிருக்கும். அந்த வாரம் பத்திரிகை எந்த வீட்டில் பஜ்ஜிக்கு எண்ணெய் உறிஞ்சியதோ! புத்தகத்தின் கடைசிப் பக்கத்து வெற்றிடத்தில் படித்தவர்கள் பென்சிலால் எழுதி வைப்பார்கள். ‘சுமார்.’ ‘முதல் பாதி தேவலை.’ ‘அழுதுவிட்டேன்.’ அதற்குக் கீழேயே இன்னொரு கையெழுத்தில், ‘எதற்கு?’ ஒரு மகானுபாவர் மட்டும் துப்பறியும் நாவல்களின் முதல் பக்கத்தில் கொலைகாரன் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். ‘க’வுக்கு அவர் போடும் சுழி எல்லோருக்கும் தெரியும். இரண்டே வாரத்தில் ஆள் பிடிபட்டார். ஒரு மாதம் அவருக்குப் புத்தகம் கிடையாது என்று தீர்ப்பு. அந்த ஒரு மாதமும் அவர் மாலையில் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்து, மற்றவர்கள் படிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தப் பெஞ்சைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது. போகிற போக்கில் சொல்லும் அபிப்பிராயம் பொறுப்பில்லாதது என்று படித்தவர்கள் நினைக்கிறார்கள். என் அனுபவம் வேறு. சொன்னவன் மறுநாளும் அதே பெஞ்சுக்கு வந்தாக வேண்டும். நேற்று அவன் ‘குப்பை’ என்று தள்ளிய புத்தகத்தை இன்று படித்து முடித்தவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். ஸ்ரீரங்கத்தின் அமைப்பே அப்படி. உத்தர வீதி, சித்திரை வீதி, அடையவளஞ்சான் எல்லாம் கோயிலைச் சுற்றி வருபவை. கிழக்கு வீதியில் சண்டை போட்டுக்கொண்டு பிரிந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் நடந்தால் மேற்கு வீதியில் எதிரெதிரே வந்து நிற்பார்கள். நேர் ரோட்டில் ஓடித் தப்புகிற வசதி எங்களுக்கு இல்லை.

இந்த ஊரில் நடந்த மிகப் பழைய புத்தக விமரிசனம் எது என்று உங்களுக்குத் தெரியும். தாயார் சந்நிதிக்கு எதிரே ஒரு நாலுகால் மண்டபம். கம்பர் ராமாயணத்தை அரங்கேற்றிய இடம் என்று கைகாட்டுவார்கள். கூடியிருந்த பண்டிதர்கள் இரணியன் வதைக்கு ஆட்சேபம் சொன்னார்கள். வான்மீகியில் இல்லாததை எப்படிச் சேர்க்கலாம் என்பது வழக்கு. எதிரே மேட்டின் மேல் இருக்கும் அழகியசிங்கர் தலையை அசைத்துச் சிரித்தார், வழக்கு முடிந்தது என்கிறது ஐதிகம். வரலாறாக இதை நிரூபிக்க முடியாது. ஆனால் கதையை யார் கட்டியிருந்தாலும் அவருக்கு ரசனை என்றால் என்ன என்று தெரிந்திருக்கிறது. சிங்கர் ஒரு காரணமும் சொல்லவில்லை. கம்பர் பாடியது அவரைப் பற்றிய கதை, அவருக்குப் பிடித்திருந்தது, சிரித்துவிட்டார். மூல நூலில் இல்லையே என்று புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு திரைப்படம் பார்க்கிறவர்கள் அந்தப் பண்டிதர்களின் வாரிசுகள்.

அடுத்தது நம்பிள்ளை. திருவாய்மொழிக்கு அவர் பொருள் சொன்னபோது கூடிய கூட்டம் நம்பெருமாள் புறப்பாட்டுக் கூட்டமோ என்று மலைக்கும்படி இருந்ததாம். பகலில் கேட்டதை அவர் சீடர் வடக்குத் திருவீதிப் பிள்ளை இரவில் ஓலையில் எழுதினார். அனுமதி கேட்காமல் எழுதியதில் ஆசாரியருக்கு மனத்தாங்கல் என்றும், ஓலைகளை வாங்கி வைத்துக்கொண்டார் என்றும் சொல்வார்கள். அதுதான் ஈடு முப்பத்தாறாயிரப்படி. வைணவப் பெரியவர்கள் மன்னிக்க வேண்டும், எனக்கு ஈட்டில் மிகவும் பிடித்தது தத்துவம் இல்லை. பாசுரத்துக்கு நடுவே திடீரென்று, இன்னார் வந்து பட்டரை இப்படிக் கேட்டார், அவர் இப்படிச் சொன்னார் என்று வருகிறதே, அந்தத் துணுக்குகள். யாரோ வழியில் நிறுத்திக் கேட்டது, இவர் நின்றபடி சொன்னது. அந்தப் பேச்சை ஒருவர் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதி வைத்ததால் நமக்குக் கிடைத்தது.

எழுதி வைக்க ஆள் இல்லாமல் போன பேச்சு ஏராளம். 1905இல் இதே திருச்சியில் டியூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் உடம்பு முடியாமல் ஊர் திரும்ப வேண்டி வந்தது. அவரிடமிருந்த படம் காட்டும் கருவியையும் ஏசுநாதர் வாழ்க்கைப் படச்சுருளையும் 2,250 ரூபாய் கொடுத்து வாங்கினார் சாமிக்கண்ணு வின்சென்ட். அவர் அப்போது தென்னிந்திய ரயில்வேயில் குமாஸ்தா, எங்கள் இலாகாக்காரர் என்பதில் எனக்கு ஒரு சொந்தப் பெருமை. ரயில்வே குமாஸ்தா சம்பளத்தில் 2,250 ரூபாய் என்றால் என்ன என்று கணக்குப் பிரிவில் இருந்தவனுக்குப் புரியும். கூடாரம் அடித்துப் படம் காட்டினார். பிறகு கோவையில் போய் 1914இல் வெரைட்டி ஹால் கட்டினார், அது எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்கு வேண்டியது வேறு. திருச்சிக் கூடாரத்திலிருந்து முதல் நாள் வெளியே வந்தவர், வாசலில் காத்திருந்தவரிடம் என்ன சொல்லியிருப்பார்? அங்கே ஒரு வடக்குத் திருவீதிப் பிள்ளை இல்லாமல் போய்விட்டார்.

இருபதாம் நூற்றாண்டில் அந்தப் பேச்சை எழுத்தாக்கியவர்களில் இரண்டு பேர் திருச்சியில் படித்தவர்கள். ஒருவர் கல்கி. இங்கே தேசியப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர், 1921இல் ஒத்துழையாமைக்காகப் படிப்பை விட்டு, பிறகு சிறைக்கும் போனார். பின்னாளில் ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற பெயரில் ‘ஆடல் பாடல்’ எழுதினார். கச்சேரிக்கும் நாடகத்துக்கும் பேசும் படத்துக்கும் போய்விட்டு வந்து, திண்ணையில் சொல்வதுபோலவே எழுதினார். பெயரையே ‘கர்நாடகம்’ என்று, பழம்பஞ்சாங்கம் என்ற பொருளில், வைத்துக்கொண்டது எவ்வளவு பெரிய தற்காப்பு! எதிராளி திட்டுவதற்கு முன் தானே திட்டிக்கொண்டாயிற்று.

மற்றவர் ஸ்ரீரங்கத்து ரங்கராஜன். எந்த ரங்கராஜன் என்று கேட்பீர்கள். இரண்டு பேர் உண்டு. டி.எஸ். ரங்கராஜன் கவிஞர் வாலி. அவர் இளம் வயதில் ஸ்ரீரங்கத்தில் ‘நேதாஜி’ என்று ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்; முதல் பிரதியை வெளியிட வந்தவர் கல்கி. நான் சொல்வது எஸ். ரங்கராஜனை. திருவல்லிக்கேணியில் பிறந்து, பாட்டி வீட்டில் வளர்ந்து, செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்த சுஜாதா. அதே கல்லூரியில் அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் ஐயம்பெருமாள் கோனார். திருச்சி தெப்பக்குளத்திலிருந்து பழனியப்பா பிரதர்ஸ் போட்ட கோனார் நோட்ஸ் இல்லாமல் தமிழ்நாட்டில் எத்தனை பேர் பள்ளி இறுதியைத் தாண்டியிருப்பார்கள்! இந்த மண்ணின் தலைசிறந்த வெகுஜனப் புத்தகம் எது என்று கேட்டால், நாவல்களை ஒதுக்கிவிட்டு, நான் அதைத்தான் சொல்வேன்.

சுஜாதாவின் ஸ்ரீரங்கத்துக் கதைகளில் ‘ரங்கு கடை’ வரும். கடையில் வியாபாரம் நடந்ததைவிடப் பேச்சு நடந்தது அதிகம். கிரிக்கெட், சினிமா, எதிர் வீட்டுப் பெண் என்று எல்லாவற்றுக்கும் அங்கே தீர்ப்பு உண்டு. கஸ்தூரிரங்கன் 1965இல் டெல்லியிலிருந்து கணையாழியைத் தொடங்கியபோது கடைசிப் பக்கத்தை இவரிடம் கொடுத்தார். அப்போது இவர் வைத்துக்கொண்ட பெயர் ‘ஸ்ரீரங்கம் எஸ்.ஆர்.’ கதைக்கு மனைவி பெயர், அபிப்பிராயத்துக்கு ஊர்ப் பெயர். இதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. டெல்லியில் உட்கார்ந்துகொண்டு ரங்கு கடைப் பெஞ்சைப் போட்டுக்கொண்டார் என்றுதான் படுகிறது. அந்த ஒரு பக்கத்தில் கவிதை, சினிமா, கம்ப்யூட்டர், ஆழ்வார் எல்லாம் ஒரே குரலில் வரும். ஆழ்வாருக்கு ஒரு குரல், சினிமாவுக்கு ஒரு குரல் என்று அவர் மாற்றிக்கொள்ளவில்லை. அவரைப் பின்பற்றி எழுதியவர்கள் அவருடைய கிண்டலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கிண்டலுக்குப் பின்னால் இருந்த வாசிப்பு பாரமாக இருந்தது போலும், அதை இறக்கி வைத்துவிட்டார்கள். அவரிடமும் எனக்குக் குறை உண்டு. சில இடங்களில் வாக்கியம் அழகாக விழுந்துவிட்டது என்பதற்காகவே ஒரு புத்தகத்தை முடித்துவைத்துவிடுவார்.

விகடன் சினிமாவுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போட்டதை இங்கே சொல்லாமல் விட முடியாது. 1977இல் ‘16 வயதினிலே’ படத்துக்கு 62.5 கொடுத்தார்கள். அந்த அரை மார்க் எதற்கு என்று எங்கள் பெஞ்சில் ஒரு வாரம் விவாதம் நடந்தது. சப்பாணியின் நடைக்கு என்றார் ஒருவர். பரட்டை சொல்லும் ஒரு வசனத்துக்கு என்றார் மற்றவர். கணக்கு வாத்தியார் ஒருவர், இருநூற்றுக்கு 125 போட்டு நூற்றுக்குச் சுருக்கியிருப்பார்கள் என்றார். இன்றைக்கு ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் என்று போடுகிறார்கள். அதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

சித்திரக்கதைக்கு வருகிறேன். உண்மையில் இதற்காகத்தான் வந்தேன், மேலே சொன்னதெல்லாம் அறக்கட்டளைக்காக.

1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழ் வந்தது: ‘இரும்புக்கை மாயாவி’. வெளியிட்டவர் சௌந்தரபாண்டியன். மாயாவி 1962இல் ‘வேலியண்ட்’ என்ற பிரிட்டிஷ் வார இதழில் பிறந்தவர். அசல் பெயர் லூயிஸ் கிராண்டேல். விபத்தில் ஒரு கை போய் இரும்புக்கை பொருத்தப்பட்டவர். மின்சாரத்தைத் தொட்டால் உடம்பு மறைந்துவிடும், கை மட்டும் தெரியும். எனக்கு அப்போது பத்து வயது. படித்த அன்று சாயங்காலம், எங்கள் திண்ணையில் என் பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான்: “கரண்ட் போயிடுத்துன்னா மாயாவி என்னடா பண்ணுவான்?”

யோசித்துப் பாருங்கள், அது எவ்வளவு நல்ல விமரிசனம். லண்டனில் எழுதியவருக்கு அந்தக் கேள்வி வந்திருக்க நியாயமில்லை. வாரத்துக்கு நாலு நாள் அரிக்கேன் விளக்கில் வீட்டுப்பாடம் எழுதியவனுக்குத்தான் வரும். நான் மாயாவியின் கட்சி. பாட்டரி வைத்திருப்பான் என்றேன். பாட்டரிக்கு அவ்வளவு சக்தி கிடையாது என்றான். டார்ச் லைட் பாட்டரியை நாக்கில் வைத்துப் பரிசோதித்தோம். புளித்தது. நாங்கள் மறையவில்லை.

1984 ஜூலையில் லயன் காமிக்ஸ் வந்தது. சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன், பள்ளிப் படிப்பை முடித்த கையோடு தொடங்கியது. முதல் இதழில் மாடஸ்டி பிளைசி. தினத்தந்திக் குடும்பத்திலிருந்து ராணி காமிக்ஸும் அதே சமயத்தில், ஜேம்ஸ்பாண்டோடு வந்தது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, வேலைக்கும் போய்விட்டேன். சித்திரக்கதை வாங்குவதற்கு ஒரு சின்னப் பையன் உறவு தேவைப்பட்டது. அக்கா பிள்ளைக்கு என்று சொல்லி வாங்குவேன். அக்காவுக்கு இரண்டும் பெண்கள்.

லயனில் வந்தவர்களில் எனக்குப் பிடித்தவர் ஸ்பைடர். சினிமாவில் வரும் சிலந்தி மனிதர் அல்லர். கூர்மையான காதும் வலைத் துப்பாக்கியுமாக, குற்றவாளிகளுக்கெல்லாம் அரசனாக வேண்டும் என்று கிளம்பியவர். தன்னைப்போல் அறிவாளி இல்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். பெல்ஹாம், ஆர்டினி என்று இரண்டு அடியாட்கள், எந்நேரமும் திட்டு வாங்கிக்கொண்டு. பிறகு மனம் மாறி நல்லவர் ஆனார், ஆனால் திமிர் போகவில்லை. 2002இல் அமெரிக்க ஸ்பைடர் மேன் படம் வந்தபோது, என் வயதுக்காரர்கள் பலர் பார்த்துவிட்டு, “இது நம்ம ஸ்பைடர் இல்லையே” என்று ஏமாந்தார்கள். ஏமாற்றத்தில் நியாயம் இருக்கிறது. நம்ம ஸ்பைடர் கதைகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர் ஜெரி சீகல். ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்தவர். 1938இல் சூப்பர்மேன் உரிமையை 130 டாலருக்கு விற்றுவிட்டு, பிறகு வாழ்நாள் முழுக்க வழக்கும் வருத்தமுமாக இருந்தார். உலகத்தின் முதல் நல்லவனை எழுதியவர், அறுபதுகளில் பிரிட்டனின் ‘லயன்’ வார இதழுக்கு ஒரு திமிர் பிடித்த கெட்டவனை எழுதிக்கொண்டிருந்தார். இதைப் படித்தபோது எனக்கு எழுபது சதவீதம் சந்தோஷம், முப்பது சதவீதம் கஷ்டம். சிவகாசித் தாளில், சாணி வாசனை அடிக்கும் அச்சில், சூப்பர்மேனின் தகப்பனாரைத்தான் படித்துக்கொண்டிருந்தோம் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

லயனில் ஆசிரியர் எழுதும் ‘ஹாட்லைன்’ பகுதியும் வாசகர் கடிதமும் எனக்குக் கதைக்குச் சமம். எந்தக் கதை போரடித்தது, எதன் அட்டை சொதப்பல், எந்த நாயகரை நிறுத்தித் தொலைக்கலாம் என்று வாசகர்கள் தயங்காமல் எழுதினார்கள். ஆசிரியர் பதில் சொன்னார். காசு கொடுத்தவன் கேட்கிறான், காசு வாங்கியவர் அடுத்த இதழிலும் அவன் முகத்தில் விழிக்க வேண்டும்.

சூப்பர் ஹீரோ நம் மரபில் இல்லை என்று சிலர் கட்டுரை எழுதுகிறார்கள். மார்கழியில் ஸ்ரீரங்கம் வந்து பகல்பத்து பார்க்கட்டும். அர்ச்சுன மண்டபத்தில் நம்பெருமாள் முன்னால் அரையர் கூம்புக் குல்லாயும் கையில் தாளமுமாக நின்று கம்ச வதம், ராவண வதம் எல்லாம் அபிநயம் பிடிப்பார். நாளைக்கு ஒன்று, தொடரும் போட்டு. ஒரே ஆள்தான் அடிப்பவரும், அடிவாங்குபவரும். கூட்டத்தில் தோளில் ஏறி உட்கார்ந்து பார்த்த எனக்கு மாயாவி புதியவராகத் தெரியவில்லை. பாட்டியிடம் மாயாவி கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, “கை மட்டும் தெரியறதா? ஒழுங்கா மறையத் தெரியாதவனெல்லாம் என்னத்துக்கு மறையணும்?” என்றாள்.

‘பொன்னியின் செல்வன்’ பற்றி நிறையப் பேசலாம், சுருக்கமாக விடுகிறேன். 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வந்த தொடர். வந்தியத்தேவனாக யார் நடிக்கலாம் என்பதை இந்த ஊர் அறுபது வருஷத்துக்கு மேல் பேசியது. 2022இலும் 2023இலும் மணிரத்னம் இரண்டு பாகமாக எடுத்து முடித்ததும் அந்தப் பேச்சு நின்றுபோனது. எனக்கு அதில் சின்ன நஷ்டம். மணிமேகலை இல்லை, சேந்தன் அமுதன்தான் உண்மையான மதுராந்தகன் என்ற திருப்பமும் இல்லை என்று எங்கள் வீதியில் பலருக்கு மூன்று நாள் தூக்கம் வரவில்லை. எனக்கு அந்தத் திருப்பம் புத்தகத்திலேயே பிடிக்காது. இதை இங்கே முதல் முறையாகப் பகிரங்கமாகச் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. திருச்சியில் பொறியியல் படித்த சிவகார்த்திகேயன் இரண்டு முறை சூப்பர் ஹீரோவாக நடித்துவிட்டார். 2019இல் ‘ஹீரோ’, முகமூடி எல்லாம் உண்டு, மனதில் நிற்கவில்லை. 2023இல் மடோன் அஸ்வின் இயக்கிய ‘மாவீரன்’. இதில் நாயகன் பத்திரிகையில் சித்திரக்கதை வரைகிறவன், பயந்தாங்கொள்ளி. மேலேயிருந்து ஒரு குரல் அவனுக்கு மட்டும் கேட்கிறது, அவன் செய்யப்போவதை அவனுக்கே கதையாகச் சொல்கிறது. மின்சாரமும் வேண்டாம், வலைத் துப்பாக்கியும் வேண்டாம். வெளிநாட்டுப் படத்தைப் பார்த்துச் செய்தது என்று நான் சொன்னேன். கூடப் பார்த்தவன், அன்று மாயாவிக்குக் கரண்ட் போனால் என்று கேட்ட அதே பக்கத்து வீட்டுக்காரன், இடைவேளையில் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னான்: “அசரீரிடா அது. கம்சனுக்கு வந்ததுதான். அவன் கேட்டுட்டுப் பயந்தான், இவன் பயந்துண்டே கேக்கறான்.”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நேற்று ராத்திரி இந்த உரையைத் தயார் செய்யும்போது ஒரு பதில் தோன்றியது. இங்கே சொல்லலாம் என்று எழுதியும் வைத்தேன். ஆனால் அவன் மூன்றாவது வரிசையில், தூணை ஒட்டி, உட்கார்ந்திருக்கிறான். ‘பொன்னியின் செல்வன்’ பற்றி நான் சொன்னபோதே அவன் முகம் போன போக்கைப் பார்த்தேன். கூட்டம் முடிந்ததும் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் அவனோடுதான் நான் ஸ்ரீரங்கம் திரும்ப வேண்டும்.